அடுப்பில் வைத்த கால்

1415இல் பிரான்சில் நடந்த ஒரு சண்டையின் பெயரைச் சுமந்துகொண்டு, இரவு ஒன்பது மணிக்கே போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடுகிற ஊர் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் அஜின்கோர்ட். தெருவெல்லாம் விளக்கு, வாசலெல்லாம் கமரா. ஒரு பேய் குடிபெயர்ந்து வந்தாலும் இங்கே பிழைப்பு நடத்த முடியாது. அப்படிப்பட்ட ஊரில், மாசி மாதத்துப் பனி யன்னலை மூடிக்கொண்டிருந்த ஓர் இரவு, என் எட்டு வயதுப் பேத்தி ‘கொரலைன்’ பார்க்கலாமா கூடாதா என்று பெரிய மாநாடே நடந்தது.

குற்றவாளி நான்தான். அட்டையில் நீல முடியோடு ஒரு சிறுமியைக் கண்டு, சின்னப்பிள்ளைப் படம் என்று நம்பி, போனிஸ் அவென்யூ நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிட்டேன். ஹென்றி செலிக் 2009இல் தந்த படம். சுவரில் ஒரு சின்னக் கதவு, அதற்கு அப்பால் இன்னொரு அம்மா. நல்ல சமையல், நல்ல சிரிப்பு, கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் சட்டைப் பொத்தான். மகளோ கைப்பேசியைத் திறந்து, ஊசி வரும் இடம், சிலந்தியாக மாறும் இடம் என்று மருந்துப் போத்தலின் பக்கவிளைவுகளைப் போல வாசித்துவிட்டு, “அப்பா, இவள் நித்திரை கொள்ளமாட்டாள்” என்றாள்.

நித்திரை கொள்ளாமல் இருப்பதற்காகத்தானே நாங்கள் படம் பார்த்தோம்! 1982, இலங்கையில் எங்கள் ஊர். வாடகைக்கு டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, அரைக் கிராமமும் கூடியிருந்து விடிய விடிய மூன்று படம். முதலில் பெரியவர்கள் அழ ஒரு சிவாஜி, பிறகு எல்லோரும் விசிலடிக்க ஒரு எம்ஜிஆர், கடைசியாக, பேய்கள் உண்மையாகவே உலாவப் புறப்படும் இரண்டு மணிக்கு, விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’. தெலுங்கில் 1978இல் எடுத்து, தமிழ் பேசவைத்த படம். அதில் மோகினி விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிச் சமைப்பாள். சரியாக அந்த இடத்தில் எங்கள் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. இருட்டு. வேலிக்கு அப்பால் பனையோலை உரசுகிற சத்தம். மீசை எப்போது வரும் என்று தினமும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த பெடியன் நான், அப்படியே ஆச்சியின் சேலைக்குள் போய்ச் சேர்ந்தேன். ஆச்சி வெற்றிலையை மென்றபடி, “பேசாமல் இரு, அவள் சமைச்சு முடிக்கட்டும்” என்றா.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள், கால் இரண்டையும் மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டுதான் படுத்தேன். வளவு மூலைக்குப் போக இரண்டு பேர் துணை வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் இன்னொருவர் துணை. ஒரு பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேர் கைகோத்து நடந்தோம் என்று இப்போது சொன்னால், ‘போஸ்’ பொத்தான் இருக்கிற வீட்டில் யாருக்கு விளங்கும்?

1983இன் முற்பகுதியில் ஸ்பீல்பெர்க் கண்டிப் பக்கம் வந்து ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாவது படத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தில் உயிரோடிருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சியைப் பார்த்து அமெரிக்கப் பெற்றோர் கொதித்தெழ, 1984 யூலையில் பி.ஜி.-13 என்று ஒரு புதுத் தரமே அங்கே பிறந்தது. இடையில் 1983இல், தமிழருக்கு எதிரான கலவரத்தோடு, எங்களுக்கு ஒரு யூலை வந்துபோனது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய உறவுக்காரப் பிள்ளைகள் எங்கள் முற்றத்தில் பேய்ப்படம் பார்த்தபோது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவர்கள் பார்த்துவிட்டு வந்ததற்கு எந்தச் சபையும் வயது குறித்திருக்கவில்லை.

இவ்வளவும் பேசுகிற நான், தொண்ணூறுகளின் கடைசியில் இதே வீட்டில், ரொறன்ரோவிலேயே எடுத்த ‘கூஸ்பம்ப்ஸ்’ தொடரை மகள் பார்க்கக்கூடாதென்று ரிமோட்டை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்த தகப்பன். அவள் அதை மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, கடைசியில் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி அனுமதி தந்தாள்.

பேத்தி சிப்ஸ் தின்றுகொண்டே பார்த்தாள். பொத்தான் கண்ணி நூலும் ஊசியும் எடுத்தபோது குஷனை முகத்தில் அழுத்தியது நான். “பயமெண்டால் நிப்பாட்டட்டா, அம்மப்பா?” என்று கேட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இதெல்லாம் பயமா, எங்கள் காலத்துப் பேயைப் பார் என்று யூடியூப்பில் அந்த மோகினியைத் தேடிப் போட்டேன். கால் அடுப்புக்குள் போனது. நெருப்பு எரிந்தது. நான் பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் ஸ்மோக் அலாரம் அடிக்கேல்லை?” என்றாள்.

நாற்பது வருடமாக நான் பொத்திப் பாதுகாத்த பேய் ஒரே கேள்வியில் செத்துப்போனது.

நடுச்சாமத்தில் கதவு திறந்தது. காற்றுச் சத்தமாக இருக்கிறதாம், வேறொன்றும் இல்லையாம். எனக்கும் மனைவிக்கும் நடுவில் ஏறிப் படுத்தாள். போர்வையைச் சரிசெய்யக் கை நீட்டினேன். காலைத் தேடிப் பார்த்தால் காலைக் காணோம். இரண்டையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள்.