சின்னதுதானே, அப்புறம் எதுக்கு மடக்கணும்?

எளிய மடக்குக் கத்திக்கு மொத்தம் மூன்றே உறுப்பு: அலகு, பிடி, இரண்டையும் கோக்கும் ஆணி. இதைக் கையாலேயே செய்யப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஏங்க, கடையில இல்லியா?" இட்லி மாவும்தான் கடையில் இருக்கிறது என்று வாய்வரை வந்தது. மாவாட்டும் வேலை என் தலையில் விழும் என்பதால் விழுங்கிவிட்டேன்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹியோகோ மாகாணத்து மிகி நகரத்தில் நூறாண்டுக்கும் மேலாக அடித்துவரும் கத்தி. வில் கிடையாது, பூட்டு கிடையாது. தகட்டை நடுவில் மடித்தால் பிடி. உள்ளே அலகை நுழைத்து ஆணி அடித்தால் கத்தி. அலகின் வாலில் நீண்டிருக்கும் சின்ன நாக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வெட்ட வேண்டும். விரல்தான் பூட்டு, ஆகவே விரல்மேல் அக்கறை தானாக வரும்.

பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்கள். 1960இல் அரசியல் தலைவர் இனெஜிரோ அசனுமாவை ஒரு பதினேழு வயதுப் பையன் மேடையிலேயே குத்திக் கொன்றான். குத்தியது குட்டை வாள்; பழி பென்சில் சீவிய கத்திமேலும் விழுந்தது. பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்று இயக்கமே நடந்தது. நம் ராம்பூர்க்காரர்கள் வேறு ரகம். இந்திப் பட வில்லன்கள் விரித்த ராம்புரிக் கத்திக்கு, 2023இல் நாற்சந்தியில் சுமார் 20 அடி உயரத்தில் சிலையே வைத்துவிட்டார்கள்.

இரும்புக்காகத் திருப்பாச்சேத்திக்குப் போனேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர். லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்த கொல்லர் நான் வரைந்துபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருவாள எதுக்கு சார் மடக்கணும்?"

"அருவா இல்லண்ணே, சின்னக் கத்தி."

"சின்னதுதானே, அப்புறம் எதுக்கு மடக்கணும்?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவரே இரக்கப்பட்டுத் தேய்ந்த அரம் ஒன்றைக் கொடுத்தார். அரத்தில் கார்பன் நிறைய, நல்ல அலகாகும். ஆனால் அரத்தை அறுக்கப் போனால் ரம்பத்துக்குத்தான் பல் போகும். "சிவக்க வச்சு சாம்பல்ல புதைச்சிருங்க. விடிஞ்சா உங்க பேச்சக் கேக்கும்" என்றார். வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஒரே பொருள் அதுதான். கேட்டது. ரம்பத்தால் அறுத்து, இன்னோர் அரத்தால் ராவி உருவம் கொண்டுவந்தேன்.

பிறகு மறுபடி கெட்டியாக்க வேண்டும். மொட்டைமாடியில் மண்தொட்டி, இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரி. துருத்திக்கு மனைவியின் ஹேர் டிரையர். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் அலகு ஒட்டாமல் போனதும், இன்னும் கொஞ்சம் சூடேற்றிக் கடலையெண்ணெயில் இறக்கினேன். சொய்ங்!

கீழிருந்து ஹவுஸ் ஓனர் குரல்: "என்ன தம்பி, பஜ்ஜியா?"

மேலே வந்தவர், கரியையும் குறடையும் டிரையரையும் பார்த்துவிட்டு, வாடகை ஒப்பந்தத்தில் இதற்கு விதி ஏதும் இல்லையே என்ற வருத்தத்தோடு இறங்கிப் போனார்.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் பளிச்சென்று தேய்த்து, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் கேக் அடுப்பில் வைக்க வேண்டும். இளமஞ்சள் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். ஊதா வரை விட்டால் கூர் நிற்காது. அடுப்பு மனைவியுடையது. அந்த ஒரு மணி நேரத்தில் அலகைவிட நான்தான் அதிகம் பதமானேன்.

இதெல்லாம் முன்னுரைதான். கத்தி உண்மையில் பிறப்பது ஆணியில். பித்தளைப் பிடிக்கும் அலகுக்கும் இடையில் எண்ணெய் தடவிய காகிதத் துண்டு. துளையில் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. இருபுறமும் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குண்டுச் சுத்தியலால் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் கம்பி மெல்லக் குடைபோல விரியும். ஒரு தட்டு, ஒருமுறை திறந்து பார்ப்பது. இன்னொரு தட்டு, மறுபடி திறப்பது. தளர்ந்திருந்தால் பையில் தானாக விரியும். இறுகினால் நகம் பெயரும். போதும் என்று நிறுத்துகிற தட்டு எது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அலகு முனகிக்கொண்டே விரிந்து, விரிந்த இடத்தில் நின்றதும் சுத்தியலை மனைவியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன்.

சமையலறையில் கத்திக்கு வேலை கிடைக்கவில்லை. அங்கே அரிவாள்மனை இருக்கிறது. அதையும் யாரும் மடக்குவதில்லை. கடைசியில் ஹவுஸ் ஓனர் பேரனிடம் பென்சிலை வாங்கி, ஜப்பானிய முறைப்படி சீவிச் சீவி, முனையை ஊசியாக்கி நீட்டினேன். பையன் மரியாதையாக வாங்கி, "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, ஷார்ப்னரில் இன்னொரு தரம் திருகிக்கொண்டான்.