வலி அறியாத நீதிபதி

கேள்வி: மூளைக்கு வலியே தெரியாதாமே! பிறகு என் தலைவலி எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வும் இரத்தக் குழாய்களும் கழுத்துத் தசைகளும் எழுப்பும் கூக்குரல்தான் அது, சரீரத்தின் சகல வேதனைகளையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் மூளைத் திசுவிலோ வலியுணரும் நரம்பு முனைகள் கிடையா. ஆகையால்தான், 2020-ஆம் ஆண்டு லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில், ஒரு பெண்மணியின் மூளையில் வலது முன்புறத்தில் வளர்ந்த கட்டியை அகற்றுகையில், இடது கை விரல்களை ஆளும் பகுதிக்குச் சேதம் நேராதிருக்கும்பொருட்டு, மண்டையோடு திறந்திருக்கும்போதே அவரை விழிக்கச் செய்து வயலின் வாசிக்கும்படி வைத்தியர்கள் வேண்ட, அவரும் படுத்தபடியே சாவகாசமாக வாசித்தார். ரசிகர்களில் ஒருவரேனும் நடுவில் எழுந்து காபி குடிக்கப் போகாத கச்சேரி, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.