நிக்ஸி விசாரம்

மணி பார்ப்பதற்குச் சட்டைப்பையில் கைபேசியும், சுவரில் மலிவான கடிகாரமும், அவை இரண்டும் பொய்த்த காலத்தில் எதிர்வீட்டு மாமாவும் இருக்கும்போது, ஆறு நிக்ஸி டியூபுகளைக் கடல் கடந்து தருவித்து, அவற்றுக்கு வேண்டிய டிரைவர் சர்க்யூட்டைத் தம் கையாலேயே வகுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அறியக்கூடிய ஒரு விஷயத்தை ஆறு மாதப் பிரயாசையின் பயனாக அறிந்து மகிழும் ஒருசாரார் உலகெங்கும் உண்டு. இந்தச் சாஸ்திரத்தில் திண்டுக்கல்வாசிகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்று நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பொருளின் லட்சணம். அமெரிக்காவில் பரோஸ் கம்பெனியார் 1955-இல் வெளியிட்ட நிக்ஸி டியூப் என்பது, நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குப்பிக்குள் 0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களும் மெல்லிய உலோகத்தில் காத்தோடுகளாக உருப்பெற்று நெருக்கமாக நிற்க, முன்புறம் நுண்ணிய கம்பிவலை ஒன்று ஆனோடாக அமைந்திருக்கும் சாதனமாகும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்ப்பவர், இலக்கங்கள் எண்வரிசைப்படி நிற்காமல், ஒன்றன் உருவத்தை மற்றொன்று கூடியவரை மறைக்காதவாறு முன்னும் பின்னுமாகக் கலைந்து நிற்பதைக் காண்பார். ஆதலால் விநாடி நகருந்தோறும் ஒளி குப்பிக்குள் ஒரு தரம் முன்னே பாயும், ஒரு தரம் பின்னே ஒதுங்கும். சோவியத் நாட்டு ஐஎன்-12 டியூபிலோ 2-ஐயே தலைகீழாக நிறுத்தி 5 என்று பெயரிட்டுவிட்டார்கள். சிக்கனத்துக்கு இதைவிட உத்தமமான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த வாயு எளிதில் விழிப்பதில்லை. அதை எழுப்ப ஏறக்குறைய 170 வோல்ட் வேண்டும். எழுந்தபின் சுமார் 140 வோல்ட்டில் அமைதி கொள்ளும். 180 வோல்ட் கொடுத்து 2.5 மில்லி ஆம்பியர் ஓடவேண்டுமானால், மிஞ்சிய 40 வோல்ட்டை விழுங்க ஆனோடின் வழியில் 16 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிற்க வேண்டும். அந்த அற்பப் பொருளை அனாவசியம் என்று நீக்கியவருடைய டியூப், தன் ஆயுளையெல்லாம் ஒரே மாலைப்பொழுதில் பிரகாசித்து முடித்துவிடும். ஆறு டியூபுகளும் சேர்ந்து உண்பது 2.7 வாட்தான். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து, எம்சி34063 போன்ற ஒரு சிப்பும் ஒரு காயிலும் கொண்டு அந்த 180 வோல்ட்டை எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டர் தன் சினத்தைச் சிறிது நேரம் நெஞ்சில் வைத்திருக்கும் சுபாவம் உடையது. ஆகவே அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை இட்டு வடியவிடுவதும், சர்க்யூட்டைத் தொடும்போது மற்றொரு கையைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வதும் விவேகிகளின் ஆசாரம்.

இனிப் பிரதான சித்தாந்தம். டிரைவர் சர்க்யூட்டின் தருமம் ஓர் இலக்கத்தை எரிப்பது என்று பாமரர் எண்ணுவர். ஆழ்ந்து நோக்கினால், அருகில் நிற்கும் ஒன்பது இலக்கங்களை எரியாமல் அடக்கி வைப்பதே அதன் தருமம் என்பது புலனாகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் தத்துவமும் இதுவேயன்றோ? நாகல் நகரில் பட்டறை வைத்திருப்பவர் மாங்காய்ப் பூட்டுக்குள் லீவர்களை அடுக்குவது, உரிய சாவி அவற்றை உரிய உயரத்துக்கு எழுப்பினாலொழிய நாக்கு அசையக்கூடாது என்பதற்காகவே. தன் சாவிக்குத் திறப்பது எந்தப் பூட்டுக்கும் கைவந்த காரியம். அயல் சாவிக்கு மசியாமல் நிற்பதில்தான் அதன் கீர்த்தி இருக்கிறது. 300 வோல்ட் தாங்கும் எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர் ஒவ்வொரு காத்தோடின் வாயிலிலும் நின்று செய்யும் ஊழியமும் இதுவே.

இவ்வாயில்காப்போர் எத்தனை பேர் வேண்டும் என்பதில் இரண்டு சம்பிரதாயங்கள் உள்ளன. டைரக்ட் டிரைவ் மார்க்கத்தார் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே ஒருவரை நியமிப்பர். ஆறு டியூபுக்கு அறுபது என்று பதறவேண்டியதில்லை. 24 மணிக் கடிகாரத்தில் மணியின் பத்தாமிடத்தில் 3 முதல் 9 வரையும், நிமிஷம், விநாடி இவற்றின் பத்தாமிடங்களில் 6 முதல் 9 வரையும் ஒருநாளும் தோன்றா. ஆகப் பதினைந்து இலக்கங்கள் கழிய, நாற்பத்தைந்து போதும். மல்டிபிளெக்ஸ் மார்க்கத்தாரோ, டியூபுகளை ஒவ்வொன்றாக அதிவேகத்தில் எரித்துக் கண்ணை ஏமாற்றி, காத்தோடுக்குப் பத்து, ஆனோடுக்கு ஆறு எனப் பதினாறு வாயில்களோடு காரியத்தை முடித்துக்கொள்வர். இவர்களைப் பீடிப்பது பேய். ஒரு டியூபை அணைத்த மாத்திரத்தில் வாயு அடங்கிவிடுவதில்லை. அதற்குள் அடுத்த டியூபைத் திறந்தால் பழைய இலக்கம் மங்கலாகத் தலைகாட்டும். இரண்டுக்கும் இடையில் நூறு, இருநூறு மைக்ரோ விநாடி எல்லாவற்றையும் அணைத்து வைப்பதே பரிகாரம், வேப்பிலை தேவையில்லை.

வாயில்காப்போரைத் தனித்தனியே நியமிக்காமல், 74141 என்னும் சிப்பையோ அதன் சோவியத் சகோதரனாகிய கே155ஐடி1-ஐயோ சரணடைந்தோர் உளர். நான்கு கம்பிகளில் வரும் கட்டளையைப் படித்துப் பத்தில் ஒரு வாயிலை அது தானே திறக்கும். அணைந்த வாயிலில் ஏறக்குறைய 60 வோல்ட் மட்டுமே தாங்கும் இந்தச் சிப், 180 வோல்ட்டின் முன் பொசுங்காமல் நிற்பது எங்ஙனம் என்று கேட்கலாம். ஓர் இலக்கம் எரிந்துகொண்டிருக்கும் வரையில் ஆனோடு 140 வோல்ட் அளவிலேயே கட்டுண்டு கிடப்பதால், மற்ற காத்தோடுகளின் பாரம் முழுதும் அதன் தலையில் இறங்குவதில்லை என்பது சமாதானம்.

அடக்கி வைப்பதிலும் அளவு உண்டு. எரியும் காத்தோடிலிருந்து சிதறும் உலோகத் துகள்கள் எரியாதவற்றின்மேல் படிந்து, நாளடைவில் அவற்றின் ஒளியைத் திட்டுத்திட்டாக்கும். மணியின் பத்தாமிடத்தில் 0-வும் 1-உம் நாளுக்குப் பத்துப் பத்து மணி நேரம் உழைக்க, 2 நான்கே மணி நேரம் எரிந்து, மீதி இருபது மணி நேரமும் இத்தூசியை வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆதலால் நடுநிசியில், வீட்டார் உறங்கியபின், இணைப்புள்ள இலக்கங்கள் யாவற்றையும் சில நிமிஷம் வரிசையாக எரித்துத் தேகாப்பியாசம் செய்விப்பது நலம்.

எஞ்சியது ஓர் ஆட்சேபணை. நம் நாட்டுப் பொது நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்குரியது. திண்டுக்கல்லோ ஏறக்குறைய 78 பாகையில் கிடக்கிறது. பாகைக்கு நான்கு நிமிஷமாக, அவ்வூர் மலைக்கோட்டையில் சூரியன் உச்சம் ஏறுவது சராசரியாகப் பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிஷத்துக்கு. விநாடி தவறாமல் பொய்யுரைப்பதற்கோ இத்தனை டிரான்சிஸ்டர்கள் என்பர் ஆட்சேபிப்போர். பெட்டிக்குள் இருக்கும் பத்திரம் மெய்யா பொய்யா என்பதற்குப் பூட்டுக்காரர் ஜவாப்தாரி அல்லர் என்பதே நம் விடை. சூரிய பக்தர்கள் புரோகிராமில் ஒரு வரியைத் திருத்தி உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்வதற்குச் சர்க்யூட் தடை சொல்லாது. அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போனவர் மதுரை ரயிலைப் பதினெட்டு நிமிஷத்தில் கோட்டைவிட்டால், டிரைவர் சர்க்யூட்டின்மேல் வழக்குத் தொடர இயலாது என்பது இவ்வாராய்ச்சியின் முடிந்த முடிபு.