பல்லூடக மடிக்கணினியின் லக்ஷண விசாரம்

நடுத்தரக் குடும்பமொன்றில் புதிதாக லேப்டாப் வாங்குவதென்று தீர்மானமாகிய நாள் தொடங்கி, அது பெட்டியினின்றும் வெளிப்பட்டுப் பூஜையறையில் சந்தனமும் குங்குமமும் ஏற்கின்ற நாள் வரையில், அவ்வீட்டார் கொள்கின்ற ஆசைகளையும், கேட்கின்ற யோசனைகளையும், அவற்றுள் எதற்கும் கட்டுப்படாமல் கடைசியில் நிகழ்ந்துவிடுகிற கொள்முதலையும் முறைப்படி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்னது வேண்டும் என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் எத்தனை பேதமிருந்தாலும், “படம் பாக்கணும், பாட்டுக் கேக்கணும், அப்படியே ஆபீஸ் வேலைக்கும் ஆகணும்” என்ற ஒரு வாக்கியம் மட்டும் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கிறது. அவ்வாக்கியத்துக்குப் பொருந்தி நிற்கிற யந்திரமே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

இதன் பூர்வ சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1972-இல் ஆலன் கே என்ற அமெரிக்க அறிஞர், புத்தகம்போல் எடுத்துச் செல்லத் தக்கதும், எழுத்தோடு படமும் ஓசையும் தரவல்லதுமான ‘டைனபுக்’ என்றொரு கருவியைச் சிறுவர்களுக்கென்று கற்பனை செய்து கட்டுரை வரைந்தார். கட்டுரை வந்ததேயன்றிக் கருவி வரவில்லை. 1981-இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்னும் கணினி, 5 அங்குலத் திரையும் ஏறக்குறைய 11 கிலோ எடையும் உடையதாய், உள்ளே பேட்டரியும் இல்லாததாய் இருந்தும், எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற கீர்த்தியோடு விற்பனையாயிற்று. பின்னர் 1991-இல் மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் ஒன்றுகூடி, பல்லூடகக் கணினி என்று பெயர் பெற வேண்டுமானால் அதற்கு 2 எம்.பி. ரேமும், 30 எம்.பி. ஹார்டு டிஸ்கும், ஒரு சி.டி. டிரைவும் இருத்தல் வேண்டுமென்று இலக்கணம் வகுத்தன. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரே ஒரு கல்யாண அழைப்பு வீடியோ அந்த ஹார்டு டிஸ்கை நிரப்பிவிடும். சி.டி. டிரைவோ லேப்டாப்புகளிலிருந்து பெரும்பாலும் மறைந்தே போயிற்று. ஆக, அந்த இலக்கணத்தின்படி பார்த்தால் இப்போது கடைகளில் அடுக்கியிருப்பவற்றுள் பல்லூடகக் கணினி ஒன்றுகூட இல்லை.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. மெய்யறிவு பெறுதற்குரிய பிரமாணங்களைப் பிரத்யக்ஷம், அனுமானம், ஆப்த வாக்கியம் என்ற வரிசையில் அடுக்கினர் நம் முன்னோர். லேப்டாப் வாங்குவோர் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்கின்றனர். முதற்கண் ஆப்த வாக்கியம்: அதாவது, பக்கத்து வீட்டில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பையன். அவன் அங்கே மென்பொருள் எழுதுகிறானா அல்லது சம்பளப் பட்டுவாடா பார்க்கிறானா என்பதை எவரும் விசாரிப்பதில்லை. “ஐ5-க்குக் கீழே போகாதீங்க அங்கிள்” என்று அவன் படியில் இறங்கிக்கொண்டே சொல்லிய ஒரு சொல், அவ்வீட்டில் வேதவாக்காக நிலைத்துவிடுகிறது. அடுத்தது அனுமானம்: ஐ5 என்ற பிராசஸர் நல்லதாயின் ஐ7 அதனினும் நல்லதாயிருத்தல் வேண்டும் என்பது. பல தலைமுறை பழையதாகிய ஐ7-ஐப் புதிய தலைமுறை ஐ5 அநாயாசமாக முந்திவிடக்கூடும் ஆதலின், இவ்வனுமானத்தைத் தார்க்கிகர் ஹேத்வாபாசம் என்று தள்ளுவர், கடைக்காரர் தள்ளுவதில்லை. பிரத்யக்ஷம் என்பது கடைக்குள் நுழைந்த பிறகே வாய்க்கிறது. அதனைச் சொல்லுமுன், நுழைகின்றவர் எத்தன்மையர் என்று காண்போம்.

நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்ற எட்டுக்கும் ஒப்பிட்டுத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்ப்பவர்க்கு, அவ்வகுப்பு மாணாக்கரினும் லேப்டாப் வாங்க வருவோருக்கே அதிகப் பொருத்தமுடையது என்பது விளங்கும். பாலையும் நீரையும் பிரிக்கின்ற அன்னம் போன்றவர், தமக்கு வேண்டியது இது, விளம்பரம் இது என்று பகுத்துணர்ந்து, பழைய லேப்டாப்புக்கே ஓர் எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டு திரும்பிவிடுவர், ஆதலால் வியாபாரிகள் இவர்களைப் பெரிதாய் மதிப்பதில்லை. பசு போன்றவர், கண்ட இடமெல்லாம் மேய்ந்துவிட்டு வீட்டில் இருந்து அசைபோடுவோர். இரவு பதினோரு மணிக்குமேல் யூடியூபில் விமர்சனம் விமர்சனமாகக் கேட்டு, ஒரு முடிவுக்கு வருகிற சமயத்தில் அந்த மாடல் சந்தையைவிட்டே போயிருக்கும். மண்ணின் இயல்பாவது உழுத அளவுக்கு விளைவது. விற்பனையாளர் எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவுக்கு மௌஸ், ஆன்டிவைரஸ், கூடுதல் வாரண்டி என்று இவர்களிடத்தில் மகசூல் காணலாம். கிளிகளைப் பற்றி விரித்துரைப்பது மிகை. கடைக்காரர் சொன்னதையே மனைவிக்குப் போனில் ஒப்பிப்பவர் இவ்வினத்தார்.

கடைநிலையில் நிற்கும் நால்வருள் இல்லிக்குடமாவார் ஓட்டைக்குடம் அனையர். ரேம் என்பது வேலை நடக்கும் இடம், டிஸ்க் என்பது பண்டம் சேமிக்கும் இடம் என்று விற்பனைப் பையன் பொறுமையோடு விளக்கி முடித்த மாத்திரத்தில், “சரிப்பா, இந்த 16 ஜிபில எத்தனை படம் ஏத்தலாம்?” என்று கேட்பவர் இவரே. ஆடு ஒரு செடியில் நின்று வயிறு நிரப்பாதது போல, இவ்வினத்தார் ஒரு கடையில் விலையும் மறுகடையில் தள்ளுபடியும் விசாரித்து, மீரான் சாகிப் தெருவரைக்கும் நடந்து, ஒரு ஹெட்போனோடு வீடு சேர்வர். எருமை இறங்கிய குளத்தின் நிலைமையைக் காண விரும்புவோர், இவர் கைவைத்துச் சென்ற காட்சிக் கணினியின் எழுத்தளவையும் வண்ணத்தையும் பார்க்கலாம். எஞ்சிய நெய்யரியே நம் தேசத்தில் மிகுதியாய்க் காணப்படுவது. நெய்யை ஒழுகவிட்டுக் கசண்டைப் பற்றி நிற்கும் பன்னாடை போன்ற இவர், பிராசஸர், திரை, பேட்டரி ஆகிய யாவற்றையும் காதின் வழியே ஒழுகவிட்டு, “பை ஃப்ரீதானே?” என்ற ஒன்றை மட்டும் உறுதியாகப் பற்றிக்கொள்வர்.

இப்போது பிரத்யக்ஷத்துக்கு வருவோம். கடையில், வெள்ளை விளக்குகள் பகல்போல் எரிய, திரையின் வெளிச்சம் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்க, தேன்சிட்டொன்று செம்பருத்தியில் சிறகடிக்கிற காட்சியோ, பலநிறச் சாயங்கள் நீரில் கலந்து விரிகிற காட்சியோ ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும். “பாருங்க சார், கலர் சும்மா தெறிக்குது” என்பார் விற்பவர், தெறிப்பது உண்மையே. ஆனால் தேன்சிட்டைப் பார்ப்பதற்காக லேப்டாப் வாங்கியவர் எவரேனும் உளரோ? வீட்டில் ஓடப்போவது திரைப்படம். திரைப்படமென்றால் பாதிக்கு மேல் இரவுக் காட்சியும், கிடங்கில் சண்டையும், மழையில் துரத்தலுமாகும். பளபளக்கும் கண்ணாடித் திரையில் அக்காட்சிகள் வருகையில், பின்னாலிருக்கும் டியூப் லைட்டின் உபயத்தால், கதாநாயகனுக்குப் பதிலாகப் பனியனோடு சாய்ந்திருக்கிற குடும்பத் தலைவரே திரையில் எழுந்தருளுவார். அன்றியும் கடையில் ஒருவர் நேரே நின்று பார்க்கிறார். வீட்டிலோ நால்வர் அமர்ந்து பார்க்கின்றனர். மலிவான லேப்டாப்புகளில் வருகிற டி.என். என்னும் வகைத் திரை, நடுவே இருப்பவர்க்கு மட்டுமே உள்ளபடி காட்டிப் பக்கத்தில் இருப்பவர்க்கு நிறத்தை மாற்றிக் காட்டும் இயல்பினது, ஓரத்தில் உட்கார்ந்த பாட்டி, “ஏண்டா, அந்தப் பொண்ணு முகம் ஏன் நீலமா இருக்கு?” என்று கேட்பது பார்வைக் குறைவினாலன்று. ஐ.பி.எஸ். என்னும் வகைத் திரையில் இத்தொல்லை இல்லை. இவ்வளவு பெரிய உண்மை பெட்டியின் பக்கவாட்டில் மூன்றே எழுத்தில் அச்சிடப்பட்டிருக்க, அல்லது அச்சிடப்படாமலே விடப்பட்டிருக்க, பிராசஸரின் பெயர் மட்டும் கைவைக்கும் இடத்திலேயே ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கிறது.

திரையின் வடிவத்தில் ஒரு விசேஷம் உண்டு. 15.6 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. 16-க்கு 9 என்ற விகிதத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 34.5 சென்டிமீட்டர், உயரம் 19.4 சென்டிமீட்டர். இத்திரையில் 1952-இல் வந்த பராசக்தியை ஓடவிட்டால், அக்காலத்துப் படங்கள் ஏறக்குறையச் சதுரத்தை அணுகிய வடிவின ஆதலால், இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்து நாலில் ஒரு பங்கு திரை வீணாகும். அது போகட்டும் என்று, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய ராஜராஜ சோழனையோ (1973) அதற்குப்பின் வந்த பெரும் படங்களையோ ஓடவிட்டால், இப்போது மேலும் கீழும் பட்டை விழுந்து மீண்டும் நாலில் ஒரு பங்கு வீணாகும். திரை முழுவதையும் ஒரு விரற்கடையும் மிச்சமின்றி நிரப்ப வல்லது தற்காலத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றே. இந்த விகிதத்தை நிர்ணயித்தவர்கள் நம் மாமியார்மாரைக் கலந்துகொண்டுதான் செய்தனரோ என்று ஐயுறுவதற்கு இடமுண்டு.

வாங்கி வந்த பிறகு எழுகிற முதல் வழக்கு அளவைப் பற்றியது. 512 ஜிபி என்று பணம் வாங்கிக்கொண்டு 476 ஜிபிதான் கொடுத்திருக்கிறான், அதிலும் ஏற்கெனவே ஒரு பங்கு நிரம்பியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர், எடை குறைத்த மளிகைக்காரரிடம் பேசுகிற தொனியில் கடைக்குப் போன் செய்வது வழக்கம். உண்மையில் திருட்டு ஏதும் நிகழவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் அதனையே 1024, 1024-ஆக எண்ணிக் காட்டுகிறது. ஒரே நெல்லை இருவர் இரு மரக்காலால் அளந்த வித்தியாசமே இது. இதே கணக்கில் ஒரு டெராபைட் 931 ஆகிவிடும். இதனைப் போனில் விளக்கிப் பெரியவரைச் சமாதானப்படுத்திய கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

உபயோக காண்டத்தில் சத்தமே பிரதானமான விஷயம். “பல்லூடகம்” என்று பெயரிட்டு விற்கிறார்களாயினும், பெரும்பான்மையான லேப்டாப்புகளில் ஸ்பீக்கரை அடிப்பாகத்தில், தரையைப் பார்த்து வைத்திருக்கின்றனர். மேசைமேல் வைத்தாலாவது பலகையில் பட்டு ஓசை மேலே எழும்; நம்மவரோ கட்டிலில் மெத்தைமேல் வைப்பர். அப்போது இளையராஜாவின் தபேலாவை முழுவதும் மெத்தையே கேட்டு அனுபவிக்கிறது. அதோடு, காற்று உட்புகும் துவாரங்களும் அடிப்பாகத்திலேயே இருத்தலால், மூச்சு முட்டிய விசிறி இரைந்து சுழன்று எஞ்சிய பாட்டையும் மூடிவிடுகிறது. இதற்கு விசேஷ ஸ்டாண்டுகள் விற்கிறார்களென்றாலும், பரணில் கிடக்கும் மணைப்பலகை அதற்குச் சற்றும் தாழ்ந்ததன்று. நலங்குக்கு எடுத்தபின் திருப்பி ஏற்றாமலிருந்தால் போதும்.

விசைப்பலகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய லேப்டாப்புகளில் வலப்பக்கம் எண்களுக்கென்று தனி வரிசைகளை வைத்து, தட்டச்சு செய்பவரை எப்போதும் இடப்புறமாகவே ஒதுங்கி உட்காரச் செய்திருக்கின்றனர். கடைக்கணக்கு எழுதாத வீட்டில் அவ்வரிசைகளுக்கு வேலையில்லை. தமிழ்99 என்னும் விசையமைப்பை அரசு 1999-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் விசைகளின்மேல் ஆங்கில எழுத்து மட்டுமே காணப்படுகிறது. நல்ல வேளையாக, அதன்மேல் ஒரு சிலிக்கான் உறையைப் போர்த்திவிடுவதால், சில மாதங்களில் எந்த எழுத்துமே தெரிவதில்லை.

பேட்டரி விஷயத்தில் மாத்திரம் பரிகாசத்தை ஒதுக்கிவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்த லித்தியம்-அயான் பேட்டரியின் வம்சமே இன்றும் லேப்டாப்புகளில் இருப்பது. அதற்குச் சத்துரு இரண்டு: உஷ்ணமும், எப்போதும் நூற்றுக்கு நூறு நிரம்பியே இருப்பதும். கரண்ட் எப்போது போகுமோ என்ற பழைய பயத்தினால் நாம் சார்ஜரை இரவும் பகலும் பிடுங்குவதேயில்லை. இரண்டு வருஷத்தில், சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப்பும் கூடவே அணைந்துபோகிற நிலைமை வந்து, பழைய ஆஸ்போர்னின் தர்மத்தையே அது அனுஷ்டிக்கத் தொடங்குகிறது. 80 சதவீதத்தோடு சார்ஜ் நின்றுவிடும்படி செய்கிற ஓர் அமைப்பைப் பல கம்பெனிகள் உள்ளேயே வைத்திருக்கின்றன. வாங்கிய அன்றே அதனைத் தேடி இயக்கிவிடுவது உத்தமம்.

இத்தனையும் படித்த பின்னரும், “சரி, எதைத்தான் வாங்குவது?” என்று கேட்போருக்கு நம் தீர்ப்பு வருமாறு: பளபளக்காத ஐ.பி.எஸ். திரை, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., புதிய தலைமுறை ஐ5 அல்லது அதற்கு நிகரானது. ஐ7-க்கென்று எடுத்துவைத்த மேற்கொண்ட தொகையில், மேசைமேல் வைத்துக் கேட்கத் தக்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம். பணம் மிஞ்சவும் செய்யும். கடைக்குப் புறப்படுகையில், இரவுக் காட்சி மிகுந்த படமொன்றைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, தேன்சிட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அதனை ஓடவிட்டுப் பாருங்கள். நேரே நின்று ஒரு முறை, பக்கவாட்டில் நின்று ஒரு முறை. பையைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அதனை அவர்களே கொடுத்துவிடுவார்கள்.