ஒரு மனை, ஒரு குடும்பம்

பாட்டி வீட்டில் பேரன் தங்கினால் சிறையா?

ஒஹாயோ மாநிலத்து ஈஸ்ட் கிளீவ்லாண்டில் அப்படித்தான் ஆயிற்று: 5 நாள் சிறை, 25 டாலர் அபராதம். ஒற்றைக் குடும்ப வீட்டில் யார் 'குடும்பம்' என்பதையும் நகரவிதியே வரையறுத்திருந்தது. உடன்பிறந்த பேரன்கள் என்றால் தடையில்லை. இந்தப் பாட்டியிடம் வளர்ந்த இருவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். ஒருவன் தாயை இழந்த குழந்தை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் விதியை ரத்து செய்தது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில். நான்கு நீதிபதிகள் பாட்டியின் பக்கம் நிற்கவில்லை என்பது இன்றும் வேதனைக்குரியது.

ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரே வீடு என்று முதலில் விதித்தது யார்?

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம், 1916இல். மறு ஆண்டே, நிறம் பார்த்துக் குடியிருப்பைப் பிரிக்கும் நகரச் சட்டங்கள் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நிறத்தைச் சொல்ல முடியாத ஊர்கள் வீட்டின் வகையையும் மனையின் அளவையும் சொல்லின. ஏழைகளும் கறுப்பினத்தவரும் வெளியே நின்றார்கள். 1926இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகளை ஏற்ற அதே நீதிமன்றம், அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றே வர்ணித்தது.

விதி தளர்ந்ததா?

தளர்கிறது. மினியாபோலிஸ் நகரில் 2020 முதல் ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்டலாம். 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் இரட்டை வீட்டை அனுமதித்தே ஆக வேண்டும் என்று ஓரிகன் மாநிலம் 2019இல் சட்டம் இயற்றியது. 2021இல் பெர்க்லி நகர மன்றமே தன் பழைய விதியைக் கைவிடத் தீர்மானித்தது.