தட்டியல்: பெட்டியைத் திறப்போர்க்கு ஓர் உரை

டி.வி. பழுதானால் முதற்கண் செய்யத்தக்கது அதைத் தட்டுதல். இத்துறையில் இரு மரபுகள் உள. மேல்தட்டு மரபினர் உச்சியில் உள்ளங்கையால் அறைவர். பக்கத்தட்டினர் விலாவில் மட்டும் தட்டுவர். 'எங்கப்பா தட்டினாத்தான் வரும்' என்னும் மூன்றாம் மரபு பரம்பரைச் சொத்தாகலின் இங்கு ஆராயப்படவில்லை.

தட்டினால் படம் வருவது மூடநம்பிக்கை அன்று. பிக்சர் டியூப் பெட்டி ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறுவதால், கனத்த பாகங்களின் கால்களைச் சுற்றிய ஈயப்பற்று வட்டமாக விரிசல் விடும். மெக்கானிக்குகள் இதை டிரை சால்டர் என்பர். அடி விழுந்ததும் விட்ட இடம் ஒட்டும். அடுத்த பாட்டுக்குள் மறுபடி விடும். ஆகவே தட்டு என்பது நோயறிதல். மருந்து சால்டரிங் அயர்ன். எல்.இ.டி. பெட்டிக்குத் தட்டத் தலையே இல்லாமையால் இம்மரபு இன்று ரிமோட்டிடம் அடைக்கலம் புகுந்துள்ளது.

பின்மூடியைக் கழற்றத் துணிந்தோர் ஒன்று அறிக: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெட்டி உயிரோடுதான் இருக்கும். கலர் டியூபின் ஆனோடுக்குச் செல்வது 20,000 வோல்ட்டுக்கு மேல். டியூபின் கண்ணாடியே கெபாசிட்டராக நின்று அதைப் பல நாள் வைத்திருக்கவும் வல்லது. ஆனோடை மூடிய ரப்பர் குல்லாவுக்கு அடியில், டியூபின் எர்த் பின்னலோடு ஒயரால் இணைத்த ஸ்குரூ டிரைவரைச் செலுத்தி இதை வடிப்பர். தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் நின்று காட்டாமல் முயலற்க. பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கும்; 230 வோல்ட் ஏ.சி. டி.சி.யாக மாறியதன் விளைவு இது. அதை நேரே ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுதல் வீரமாகக் கருதப்படினும், பல்பு வழியே வடித்தலே சிறப்பு.

வேலை முடிந்ததும் நேரே பிளக்கில் செருகுவாரும் உளர், அவர்க்காக இரங்குவோம். 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போடுக. பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட்.

எஞ்சியது ஒற்றைக்கை விதி. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் நெஞ்சு வழியே போகும். ஆதலின் மின்சாரம் ஓடும் பெட்டியைத் தொடும்போது இடக்கை பேன்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளிலோ இவ்வேலை கைலியில் நடப்பதால் உரைகாரர் இடர்ப்பட்டனர். கையை முதுகுக்குப் பின்னால் மடக்குக என்பர் ஒரு சாரார். கைலி முடிச்சைப் பிடித்துக்கொள்க என்பர் மற்றொரு சாரார். பின்னையோர் கூற்று உயிரோடு மானத்தையும் காத்தலின் அதுவே வலியுடைத்து.