அறுநூறு மீட்டர் வீரம்

ஆனைமலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவனுக்கு வீரம் இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. டார்ச் லைட் மட்டும் கட்டாயம் வேண்டும். மும்முனைக் கரண்ட் நடுராத்திரியில் வந்தால் மோட்டார் எடுத்துவிடப் போக வேண்டியவன் நான்தானே?

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அகல வெளிச்சம். காலடியில் பாய் விரித்த மாதிரி பரவி, கொஞ்ச தூரத்திலேயே ஓய்ந்துவிடும். மற்றது தூர வெளிச்சம். ஆழமான ரிஃப்ளெக்டர் ஒளியைக் குவித்து ஒரே கோடாக எறியும். இரண்டு பெட்டியிலும் லூமன் 1,000தான். மொத்த வெளிச்சம் லூமன், அது எவ்வளவு குவிகிறது என்பது கேண்டெலா. இந்த ஞானமெல்லாம் எனக்கு உண்டு. ஆனால் பெட்டியில் ‘600 மீட்டர்’ என்று போட்டிருந்தால் ஒரு ஆம்பிளையின் கை வேறெங்கே போகும்?

அந்த 600 மீட்டரில் ஒரு சூட்சுமம். அங்கே போய் விழும்போது வெளிச்சம் கால் லக்ஸாக, பௌர்ணமி நிலா அளவுக்கு மங்கியிருக்கும். அதற்கே 90,000 கேண்டெலா தேவை. தூரத்தை இரட்டிப்பாக்கினால் கேண்டெலா நாலு மடங்கு. வீட்டில் மூச்சுவிடாமல் விளக்கினேன்.

“ஏனுங்க, அந்தக் கடைசியில ஆனை நிக்குதுன்னே வைங்க. பார்த்துட்டு என்ன பண்ணப்போறீங்க?”

ஓடுவேன். ஓடுகிற தடத்துக்குத்தான் வெளிச்சம் இருக்காது. தென்னை உச்சியில் இளநீரை எண்ணிவிடலாம்; அந்தப் பிரகாசத்தில் பழகிய கண்ணுக்குக் காலடியெல்லாம் மையிருட்டு. ராத்திரியில் இரை தேடும் கட்டுவிரியனுக்கு 600 மீட்டருக்கு அப்பால் என்ன வேலை? என் செருப்புக்கு இரண்டடி முன்னால்தான் அதன் சோலியெல்லாம். பனி இறங்கினால் இன்னும் விசேஷம்: எதிரில் ஒரு வெள்ளைத் தூண் நிற்கும், வேறொன்றும் தெரியாது. கடலில் படகோட்டுபவர்கள், மலையில் காணாமல் போனவரைத் தேடுபவர்கள் வாங்கட்டும். எனக்கு அதனால் இதுவரை துலக்கமாகத் தெரிந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் பரம்பரையை விசாரித்த காட்சிதான்.

அகல வெளிச்சத்தை அவளே போய் வாங்கி வந்தாள். இப்போது இலாகா பிரித்துக்கொண்டிருக்கிறோம். அவள் அதைப் பிடித்தபடி முன்னால் போகிறாள். பாம்பு அவள் பொறுப்பு. தூர வெளிச்சத்தோடு நான் பின்னால். ஆனை என் பொறுப்பு. ஆனை இன்னும் வரவில்லை. என் இலாகாவில் இதுவரை புகாரே இல்லை.